தீவாந்தரம் என்றால் என்ன? அந்தமான் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

செல்லுலார் சிறையின் முற்றத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதற்குள் செக்கு. கைதி எப்படி இழுத்தான் என்று காட்ட உருவ பொம்மையும் வைத்திருக்கிறார்கள். நான் போயிருந்த அன்று எனக்கு முன்னால் நின்ற ஒரு அப்பா தன் மகளிடம், "இங்கதாம்மா வ.உ.சி. செக்கிழுத்தாரு" என்றார். பக்கத்தில் இருந்த நாலைந்து தமிழ் முகங்கள் ஆமோதித்துத் தலையாட்டின. நான் வாயைத் திறக்கவில்லை. லீவுக்கு வந்த குடும்பத்திடம் போய்ப் பாடம் எடுக்க முடியுமா?

வ.உ.சி. அந்தமானுக்கு அனுப்பப்படவே இல்லை. அவர் இருந்தது கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில். கோவையில் அவர் இழுத்த செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அப்பா சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த தண்டனையின் பெயரே தீவாந்தரம்தான். ஒன்றல்ல, இரண்டு ஆயுள் தீவாந்தரம், மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையானார்.

தண்டனையின் பெயரில் தீவு இருக்கிறது, ஆள் இருந்தது கோவையில். குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? தீவாந்தரம், காலாபானி, நாடு கடத்தல், செல்லுலார் ஜெயில் என்று நான்கு சொற்களை ஒரே பொருளில் புழங்கிக்கொண்டிருக்கிறோம். நான்கும் வேறு வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அந்தமான் இடிபாடுகளுக்கு நடுவே நடந்தால், கண்ணில் படுவதெல்லாம் பழைய செங்கல்தான்.

## முதலில் சொற்களைப் பிரிப்போம்

தேசாந்தரம் போனான் என்கிறோம் இல்லையா, வேற்று தேசம் போனான் என்று பொருள். அதே அச்சில் வார்த்த சொல்தான் தீவாந்தரம்: வேற்றுத் தீவு. குற்றவாளியைக் கடல் கடந்து அனுப்பி, அங்கே வருடக்கணக்கில் வேலை வாங்குவது என்பது தண்டனையின் சட்டப் பொருள். "தீவாந்திர சிட்சை" என்று அந்தக் காலத்துத் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான்.

நாடு கடத்தல் வேறு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் ஆங்கிலேயர் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டையில் குடும்பத்தோடு வைத்து, செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். அவரை யாரும் கல் உடைக்கச் சொல்லவில்லை. ஆள் ஊரில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நாடு கடத்தலின் நோக்கம். தீவாந்தரத்தில் ஆளும் போக வேண்டும், அவன் உழைப்பும் வேண்டும். அந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டால் எதுவுமே புரியாது.

காலாபானி என்பது மக்கள் வைத்த பெயர். இந்தியில் கறுப்புத் தண்ணீர். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலத்தில், தூக்கைவிடக் கப்பலுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயம் ஆட்சியாளர்களுக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்று, தீவாந்தரம் அந்தமானோடு பிறந்ததும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு முன்பே சுமத்ராவின் பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், மொரீஷியஸ் என்று கைதிகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1802இல், வேங்கன் பெரிய உடையணத் தேவர் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். உள்சுவரின் பளபளப்புக்கு, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த நம்மூர்ச் சுண்ணப்பூச்சுதான் காரணம். மெட்ராஸ் சுண்ணம் என்றே அதற்குப் பெயர்.

இதுவரை: தீவாந்தரம் ஒரு தண்டனை. காலாபானி அதன் மேல் இருந்த பயத்தின் பெயர். செல்லுலார் ஜெயில் ஒரு கட்டடம். அந்தக் கட்டடம் கதைக்குள் வர இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது.

## பெரிய ஜெயிலே இல்லாத சிறை

1858 மார்ச் 10ஆம் தேதி செமிராமிஸ் என்ற கப்பல் 200 கைதிகளோடு அந்தமான் வந்து சேர்ந்தது. பொறுப்பாளர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற டாக்டர். ஆக்ரா ஜெயிலை நடத்திய அனுபவம் உள்ளவர். வந்தவர்களில் பலர் 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள். அவர்களை அடைக்க அங்கே ஜெயில் எதுவும் இல்லை, காடு மட்டும்தான் இருந்தது. அந்தக் காட்டை வெட்டுவதே அவர்கள் வேலை.

செல்லுலார் சிறையின் கட்டுமானம் தொடங்கியது 1896இல், முடிந்தது 1906இல். அப்படியானால் நடுவில் ஏறத்தாழ நாற்பது வருஷம் காலாபானி எங்கே இருந்தது?

ஒரு தேயிலை எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மலை மேல் துரை பங்களா. கீழே வரிசையாக லயன் வீடுகள். வேலை, அரிசி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில். எஸ்டேட்டைச் சுற்றி மதில் கிடையாது. ஆனால் இறங்கிப் போக வழியும் கிடையாது. இந்தப் படத்தில் மலைக்குப் பதில் தீவையும், சரிவுக்குப் பதில் கடலையும், தொழிலாளிக்குப் பதில் தண்டனைக் கைதியையும் வைத்தால், அதுதான் தண்டனைக் குடியேற்றம். கைதிகளின் உழைப்பால் கைதிகளைக் கொண்டே உருவாக்கி நடத்தப்படும் ஊர் என்பது அந்தச் சொல்லின் பொருள். பிரிட்டன் தன் சொந்தக் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியதும் இதே முறையில்தான்.

கடல் மட்டும் மதிலாக இருக்கவில்லை, காடும் இருந்தது. முதல் சில மாதங்களிலேயே கூட்டங்கூட்டமாகக் கைதிகள் தப்பியோடினார்கள். காட்டைத் தாண்டினால் பர்மா வந்துவிடும் என்று நம்பியவர்களும் உண்டாம். பிடிபட்டுத் திரும்பியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கிலிட்டார். தூத்நாத் திவாரி என்ற கைதியின் கதை இன்னும் விசித்திரம். தப்பி ஓடியவர் அந்தமான் பழங்குடியினர் கையில் அகப்பட்டு, அவர்களோடு ஒரு வருஷம் போல வாழ்ந்தார். 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கத் தயாரானபோது, முன்னால் ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். மன்னிப்பு கிடைத்தது. தங்கள் மண்ணைக் காக்க வில்லோடு வந்த மக்கள் துப்பாக்கி முன் தோற்றார்கள். இந்தக் கதையைக் கேட்டால் எனக்கு எப்போதும் வாய் கசக்கும். தண்டனைக் குடியேற்றம் காலி நிலத்தில் நடக்கவில்லை.

## பரமபதம்

சரி, ஆயிரக்கணக்கான கைதிகள். 1901 வாக்கில் 12,000ஐ ஒட்டி இருந்தார்கள். காவலுக்கு இருந்தவர்களோ கொஞ்சம் பேர். இது எப்படி நடந்தது?

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க ஆடுவோமே பரமபதம், அதைப் போலத்தான். கட்டம் கட்டமாக ஏற வேண்டும். ஏணி உண்டு, பாம்பும் உண்டு. முறை முழுதாக உருவான பிறகு, அதாவது 1900களின் தொடக்கத்தில், ஆயுள் கைதி ஒருவனின் பாதை இப்படி இருந்தது.

முதல் 6 மாதம் தனியறை (இந்தப் படி பின்னால் சேர்ந்தது, அதற்கு வருவோம்). அடுத்த 18 மாதம் மற்றக் கைதிகளோடு சேர்ந்து இருக்கும் ஜெயில். கட்டுப்பாடு கொஞ்சம் தளரும், வேலை கடுமையாகும். அதன்பின் 3 வருஷம் பாரக்கில் வாசம். பகலில் வெளியே போய்ச் சாலை போடுவது, காடு வெட்டுவது, செங்கல் அறுப்பது, இரவில் பூட்டு. கூலி கிடையாது. அடுத்த 5 வருஷத்தில் கொஞ்சம் காசு கண்ணில் படும், மற்றக் கைதிகளை மேய்க்கும் சின்னப் பதவிகளும் கிடைக்கும். அப்படி மேய்க்கும் கைதிக்கு டிண்டால் என்று ஒரு பதவிப் பெயர் உண்டு. நம்மூர்த் தோணித் தலைவனான தண்டல் ஆங்கிலேயர் வாயில் நுழைந்து அந்தமானில் போய் இறங்கிய சொல் அது.

பத்து வருஷம் முடிந்தால் டிக்கெட். விடுதலைச் சீட்டு இல்லை, ஜெயிலுக்கு வெளியே வாழலாம் என்ற அனுமதிச் சீட்டு. டிக்கெட் வாங்கியவன் கிராமத்தில் குடிசை போடலாம், பயிர் வைக்கலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைக்கலாம். பெண் கைதிகளுக்கு ஐந்து வருஷத்தில் கல்யாண அனுமதி; அவர்களில் ஒருத்தியையும் மணக்கலாம். ஆனால் தீவை விட்டுப் போகக் கூடாது, சும்மா உட்காரவும் கூடாது. 20, 25 வருஷம் ஒழுங்காக இருந்தால் முழு விடுதலை.

எந்தக் கட்டத்தில் தப்புச் செய்தாலும் பாம்பு கொத்தும். கீழ்ப்படிக்குத் தள்ளப்படுவான். சங்கிலி பூட்டப்படலாம், சங்கிலிக் கைதிகளை வைத்திருந்த வைப்பர் தீவுக்கு அனுப்பப்படலாம். எட்டு வருஷம் ஏறியவன் கீழே வர ஒரு சண்டை போதும். அந்தப் பயத்தால் கைதியே தனக்குக் காவலாளி ஆனான். இதைக் கண்டுபிடித்தவர்களின் மூளையை மெச்சத்தான் வேண்டும், மனசை மெச்ச முடியாவிட்டாலும்.

சட்டத்தின் ஓட்டையும் இங்கேதான் இருந்தது. 1872 பிப்ரவரி 8, இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் ஹோப் டவுன் ஜெட்டியில் படகேற வந்தார். ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி பாய்ந்து கத்தியால் குத்தினார். வைஸ்ராய் செத்துப்போனார். கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் கையில் கத்தியோடு ஜெட்டிப் பக்கம் எப்படி நின்றார்? நன்னடத்தையால் படி ஏறியவர் அவர். ஹோப் டவுனில் நாவிதர் வேலை பார்த்தார். பூட்டில்லாத சிறை என்றால் அதுதான் அர்த்தம். அடுத்த மாதமே அவரை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

சுருக்கமாக: தீவுதான் ஜெயில். மதில் கடல். உள்ளே ஏணியும் பாம்பும். கட்டடம் இன்னும் வரவில்லை.

## பிறகு ஏன் அந்தப் பெரிய கட்டடம்?

1890இல் லயல், லெத்பிரிட்ஜ் என்று இரண்டு அதிகாரிகள் வந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது ஆட்சிக்கு எரிச்சலூட்டும் செய்தி: காலாபானியின் மேல் இருந்த பயம் தேய்ந்துவிட்டது. இந்தியச் சிறையில் அடைந்து கிடப்பதைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். என்றாவது ஒரு நாள் டிக்கெட், நிலம், மாடு கிடைக்குமே! ஆகவே பரமபதத்தின் முதல் கட்டத்தில் ஒரு பயங்கரத்தை வைக்கச் சொன்னார்கள். வந்து இறங்கியதும் தனிமை. செல்லுலார் ஜெயிலின் பிறப்பு அதுதான்.

செல்லுலார் என்ற பெயர் செல் என்பதிலிருந்து வந்தது: தனி அறை. மற்றச் சிறைகளில் கூடம் இருக்கும், பத்துப் பேர் இருபது பேர் ஒன்றாகப் படுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. கிட்டத்தட்ட 700 அறை, அறைக்கு ஒரு ஆள். பதிமூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். எட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சாளரம்.

மாட்டுவண்டிச் சக்கரம் ஞாபகம் இருக்கிறதா? நடுவில் குடம், சுற்றி ஆரக்கால்கள். குடத்தின் இடத்தில் காவல் கோபுரம், ஆரக்கால்களாக மூன்று மாடிக் கட்டடங்கள் ஏழு. இதைப் பார்த்ததும் படித்தவர்கள் 'பனாப்டிகான்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரே காவலாளி, தான் தெரியாமல், எல்லா அறைகளுக்குள்ளும் பார்க்கும்படி ஜெரமி பெந்தம் முன்வைத்த வட்டச் சிறைக்குத்தான் அந்தப் பெயர். செல்லுலார் ஜெயில் அது இல்லை. கோபுரத்தில் நின்றால் வராந்தாக்களின் முனை தெரியும், அறையின் உள்ளே தெரியாது. இங்கே குறி வேறு. ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கிறது. கம்பியைப் பிடித்து நின்றால் எதிரே சுவரும் எட்டாத சாளரங்களும்தான், மனித முகம் கிடையாது. கைதி கைதியைப் பார்க்காமல் இருக்கவே இந்த அமைப்பு.

கட்டடத்தின் மனசைப் பார்க்க வேண்டுமானால் கோபுரத்துக்கு ஏறாதீர்கள். ஏதாவது ஒரு அறை வாசலில் நின்று தாழ்ப்பாளைப் பாருங்கள். பூட்டு கதவில் இல்லை. கதவிலிருந்து கிளம்பும் இரும்புத் தண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய் முடிகிறது. பூட்டு அந்த மாடத்தில். நான் உள்ளே போய், கம்பிக்கு வெளியே தோள் வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். விரல் நுனிக்குச் சுவரின் சுண்ணாம்புதான் கிடைத்தது. பூட்டைத் தொட முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பின்னால் வந்த பையன் ஒருவன் தானும் கையை விட்டு, "எட்டல" என்றான்.

## அரசியல் கைதிகள்

பரமபதம் எல்லோருக்கும் ஒன்றுபோல ஆடப்படவில்லை. 1909இல், வங்காளப் புரட்சியாளர்கள் மேல் போட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் பரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத் போன்றவர்கள் வந்தார்கள், 1911இல் சாவர்க்கர். ஆறு மாதத்தில் தனியறையை விட்டு வெளியே வருவது, வேலைக்குப் போவது எல்லாம் சாதாரணக் கொலைக் கைதிக்குக் கிடைத்ததுபோல இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும் என்ற கணக்கு இவர்கள் எழுதிய நினைவுகள் வழியாகத்தான் நமக்குத் தெரியும். மாடு ஆட்டும் செக்கு அது.

நம் மனதில் இருக்கும் அந்தமான் இவர்களுடைய அந்தமான். அதில் தப்பில்லை. ஆனால் எழுதத் தெரிந்தவர்கள் சில நூறு பேர், எழுதாமல் போனவர்கள் பல்லாயிரம் பேர். ராஸ் தீவின் தேவாலயத்துக்கும் துறைமுகத்துக்கும் கல் சுமந்தவர்கள் அந்தப் பல்லாயிரம் பேர்தான்.

முடிவு சட்டென்று வரவில்லை. அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்துவதாக 1921இல் அறிவித்தார்கள். அதே வருஷம் மலபாரில் மாப்பிளா கிளர்ச்சி நடக்க, அதில் பிடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். 1932இல் மறுபடி அரசியல் கைதிகள். 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள். 1937இல் இன்னொரு பெரிய உண்ணாவிரதம். 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் ஊர் திரும்பினார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் கையில் தீவு.

தண்டனை மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்புறமும் கிடந்தது. 1955இல் கொண்டுவந்த திருத்தத்தால்தான் 'ஆயுள் தீவாந்தரம்' என்ற இடத்தில் 'ஆயுள் சிறை' என்று மாறியது. இன்று செய்தித்தாளில் படிக்கும் ஆயுள் தண்டனை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான். வ.உ.சி. விஷயமும் இதோடு தெளிவாகிவிடும்: தீவாந்தரம் விதித்தாலும் எல்லோரையும் கப்பலேற்றவில்லை, உள்நாட்டுச் சிறையிலேயே அதைக் கழித்தவர்கள் உண்டு.

## எந்த வரிசையில் பார்ப்பது

பெரும்பாலோர் செல்லுலார் ஜெயிலில் தொடங்கி, மாலை ஒலி ஒளிக் காட்சியோடு முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது கிட்டத்தட்ட தலைகீழ். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து முதலில் ராஸ் தீவுக்குப் படகேறுங்கள். அதற்கும் 2018இல் நேதாஜி பெயர் வைத்துவிட்டார்கள். குடியேற்றத்தின் தலைமையிடம் அது, நான் சொன்ன துரை பங்களா. தலைமை ஆணையர் வீடு, நடனக்கூடம், பேக்கரி, டென்னிஸ் கோர்ட், தேவாலயம். இப்போது எல்லாவற்றையும் ஆலும் அத்தியும் விழுங்கிவிட்டன. ஜன்னல் இருந்த இடத்தில் வேர் தொங்குகிறது. கூரையில்லாத அறைக்குள் புள்ளிமான் மேய்கிறது. மானும் உள்ளூர் விலங்கில்லை, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. நடனக்கூடம், டென்னிஸ் கோர்ட் என்று கேட்டுச் சிரிக்கும்போது, அதைக் கட்டியவன் ராத்திரி எங்கே பூட்டப்பட்டான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அடுத்தது வைப்பர் தீவு, படகு கிடைத்தால். வைப்பர் என்றால் ஆங்கிலத்தில் விரியன்; பாம்பு இருப்பதால் இந்தப் பெயர் என்று யாராவது சொல்வார்கள். 1789இல் ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர் வந்த கப்பலின் பெயர் வைப்பர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். 1860களில் கட்டிய சங்கிலிக் கைதிகளின் ஜெயில் இங்கே இருந்தது. மேட்டின் மேல் தூக்குமேடைக் கட்டடம் மட்டும் தனியாக நிற்கிறது. பரமபதத்தின் பெரிய பாம்பு இதுதான்.

மூன்றாவதாகச் செல்லுலார் ஜெயில். ஏழு கட்டடங்களில் மூன்றுதான் மிச்சம். 1941 நிலநடுக்கம், ஜப்பானியர் காலம், சுதந்திரத்துக்குப் பிந்தைய இடிப்பு எல்லாம் சேர்ந்து மற்றதைக் காலி செய்துவிட்டன. முன்னாள் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்திருக்காவிட்டால் இந்த மூன்றும் இருந்திருக்காது. இடிந்த இடத்தில் இப்போது கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரி. 1979இல்தான் தேசிய நினைவகம் ஆனது. விடுமுறை நாளில் போய் ஏமாறாதீர்கள். ராஸ் தீவுக்குப் புதன்கிழமை விடுமுறை. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

நான்காவது இடத்துக்கு டிக்கெட் கவுண்டர் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ்களின் போர்டையும் தெற்கு அந்தமான் வரைபடத்தையும் பாருங்கள். வண்டூர், மஞ்சேரி, காலிகட், மன்னார்காடு. மலபாரிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே காட்டை வெட்டிய இடத்துக்கு வைத்துவிட்டார்கள். கைதிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு ஊரில் லோக்கல் பார்ன் என்று பெயர். பஞ்சாபி அப்பா, தெலுங்கு அம்மா, வீட்டில் இந்தி என்று வளர்ந்த சமூகம் அது. தாத்தா எந்த ஊர்க்காரர், என்ன வழக்கு என்று அவர்களிடம் நோண்டிக் கேட்காதீர்கள். வண்டூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டால் போதும். வழியெல்லாம் வயலும் தென்னையும் வரும், டிக்கெட்காரர்கள் வெட்டித் திருத்திய நிலத்தில்.